காற்றுக்குக் காத்திருந்த துறைகள்

பழங்காலக் கடற்பயணங்களைக் காட்டும் வரைபடங்களை நம் வரலாற்றுப் பாடநூல்களில் காண்கிறோம். சீனத்துத் துறையில் தொடங்கும் ஒரு கோடு சுமத்திராத் தீவைத் தொட்டு, மலாக்கா நீரிணையைக் கடந்து, வங்கக் கடலைத் தாண்டி, இந்தியக் கரையில் ஓர் அம்புக்குறியாக முடிகிறது. அதைப் பார்க்கும் மாணவன், கப்பல் புறப்பட்டது, ஓடியது, சேர்ந்தது என்று எண்ணிக்கொள்கிறான். கோடு எங்கும் அறுபடாமல் செல்வதால், பயணமும் எங்கும் நில்லாமல் நடந்தது என்றே அவன் கருதுவான்.

உண்மை அதுவன்று. பாய்மரக் காலத்தில் கிழக்குக் கடலில் சென்ற ஒருவன் கடலில் கழித்த நாள்களைக் காட்டிலும், இடைவழித் தீவுத் துறைகளில் காற்றை எதிர்பார்த்துக் கழித்த நாள்களே மிகுதி. அந்த நாள்களைப் பற்றி நம் பாடநூல்கள் பேசுவதில்லை. ஆனால் தென்கிழக்காசியாவின் மொழி, எழுத்து, சமயம், வாணிகம் ஆகியவற்றின் வரலாற்றில் பெரும்பகுதி அந்த வேலையற்ற நாள்களிலேயே உருவாயிற்று. இதனைச் சுமத்திராவையும் அதன் அண்டைத் தீவுகளையும் கண்ட மூன்று பயணிகளின் குறிப்புகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

காற்றின் நெறி

வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனத் திசைதோறும் காற்றுக்குப் பெயரிட்டவர்கள் நம் நெய்தல் நில மக்கள். அவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. தரையில் வாழும் நமக்கே விளக்கம் தேவை.

ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று வீசும். நவம்பர் முதல் மார்ச்சு வரை வடகிழக்குக் காற்று வீசும். இடையே காற்றுத் திசை மாறும் வாரங்கள் உள்ளன. சீனத்திலிருந்து தெற்கே வரும் கப்பலுக்கு வடகிழக்குக் காற்று வேண்டும். திரும்பிச் செல்லத் தென்மேற்குக் காற்று வேண்டும். இந்தியாவிலிருந்து கிழக்கே வருவோருக்கும் மேற்கே மீள்வோருக்கும் இவ்வாறே ஒவ்வொரு பருவம் உண்டு. இரு கடல்களும் சந்திக்கும் இடம் மலாக்கா நீரிணை. அங்கே ஒரு காற்றின் ஆட்சி முடிந்து மற்றொன்று தொடங்கும். ஒரு கடலில் வந்தவன் மறு கடலில் செல்ல வேண்டுமானால், பெரும்பாலும் அங்கே தங்கியே ஆகவேண்டும். மலாய் மக்கள் இவ்வட்டாரத்தைக் ‘காற்றுக்குக் கீழுள்ள நாடு’ என்றும், இந்தியா முதலிய மேற்கு நாடுகளைக் ‘காற்றுக்கு மேலுள்ள நாடு’ என்றும் வழங்கியது இக்காரணம் பற்றியே. நிலப்பரப்பைக் காற்றைக் கொண்டே பெயரிட்டனர் என்றால், வாழ்க்கையில் காற்றின் ஆட்சி எத்தகையது என்பது விளங்கும்.

பாஹியான் கழித்த ஐந்து திங்கள்

சீனத் துறவியான பாஹியான் கி.பி. 399-இல் நாட்டைவிட்டுப் புறப்பட்டுத் தரைவழியே இந்தியா சென்றார். வங்கத்துத் தாமிரலிப்தித் துறையில் ஈராண்டும் இலங்கையில் ஈராண்டும் தங்கி நூல்களைப் படியெடுத்தார். பின்னர் 411-இல் இலங்கையில் ஒரு வணிகக் கப்பலில் ஏறினார். அதில் இருநூற்றுக்கு மேற்பட்டோர் இருந்தனர். புறப்பட்ட சின்னாளில் புயல் எழுந்தது; கப்பலில் நீர் புகுந்தது; வணிகர் சரக்குகளைக் கடலில் எறிந்தனர். பாஹியானும் தம் நீர்க்குடத்தையும் பிற கலங்களையும் எறிந்தார். ஓலைகளையும் படிமங்களையும் மட்டும் எறியவில்லை. பதின்மூன்று நாள் அல்லலுக்குப் பின் ஒரு தீவின் கரையை அடைந்து, நீர் வற்றிய வேளையில் ஓட்டையை அடைத்தனர். இலங்கையை விட்டு மூன்று திங்களுக்கு மேல் கடந்த பிறகே ‘எபோதி’ என்று அவர் எழுதும் நாட்டைச் சேர்ந்தனர்.

இது யவத்துவீபம் என்னும் பெயரின் சீன ஒலிப்பு என்பர். அது சாவகமா, சுமத்திராவா, போர்னியோவா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. அங்கே பாஹியான் ஐந்து திங்கள் தங்கினார். அந்த ஐந்து திங்களைப் பற்றி அவர் எழுதியிருப்பதோ மிகச் சிறிது: அந்நாட்டில் வைதிக சமயத்தார் செழித்திருந்தனர், பௌத்தம் குறிப்பிடத்தக்கதாக இல்லை. இவ்வளவே. ஊர் எப்படி இருந்தது, மக்கள் எதை உண்டனர், அரசன் யார் என்பன பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அவர் தேடியது பௌத்த விநய நூல்களை. அவை அங்கு இல்லை. ஆதலின் அந்நாடு அவர் கண்ணுக்குப் படவில்லை. ஆனால் அவர் எழுதாமல் விட்டதைக் கற்கள் எழுதிவைத்துள்ளன. ஏறத்தாழ கி.பி. 400-ஐ ஒட்டிய காலத்தில் போர்னியோவின் கிழக்குப் பகுதியிலுள்ள கூத்தாயில் மூலவர்மன் என்னும் மன்னன் அந்தணர்க்குக் கொடை வழங்கி வேள்வித் தூண்கள் நிறுத்தினான். அதே ஐந்தாம் நூற்றாண்டில் மேற்குச் சாவகத்தில் பூர்ணவர்மன் ஆறுகளுக்குக் கால்வாய் வெட்டினான். இரண்டு கல்வெட்டுகளும் தென்னிந்தியப் பல்லவ எழுத்தை ஒத்த எழுத்தில், வடமொழியில் உள்ளன. பாஹியான் காற்றுக்காகக் காத்திருந்த நாள்களில் இத்தீவுகளில் அரசுகளும் எழுத்தும் தோன்றிக்கொண்டிருந்தன. தமக்கு வேண்டியதை மட்டும் தேடிய பயணி அதனைக் கவனியாது சென்றார்.

காற்று மாறியதும் நான்காம் திங்கள் பதினாறாம் நாள் வேறொரு கப்பலில் ஐம்பது நாள் உணவுடன் புறப்பட்டார். மீண்டும் புயல். அந்தத் துறவியை ஏற்றியதால்தான் இத்துன்பம் என்று கருதிய சிலர், அவரை ஏதேனும் ஒரு தீவில் இறக்கிவிட வேண்டும் என்றனர். அவரை ஆதரித்த ஒருவர் துணிந்து தடுத்தமையால் தப்பினார். எழுபது நாளுக்கு மேலாகியும் கரை தெரியவில்லை. சமையலுக்குக் கடல்நீர், குடிக்க ஆளுக்கு அளந்த நீர் என்றாயிற்று. இறுதியில் குவாங்சௌவுக்கு மிக வடக்கே, சாந்துங் கரையில் ஒதுங்கினர். அங்கே முளைத்திருந்த கீரைகளைக் கண்டே அது சீன நாடு என அறிந்தாராம். பருவத்தை நோக்கிக் காத்திருந்து புறப்பட்டவர்க்கே இந்நிலை என்றால், பருவம் தவறிப் புறப்படுவதற்கு மாலுமிகள் ஏன் அஞ்சினர் என்பது விளங்குகிறதன்றோ?

இத்சிங்: தங்கிய இடமே கல்லூரி

இரண்டரை நூற்றாண்டுக்குப் பின் வந்த இத்சிங் முற்றிலும் வேறுபட்டவர். 671-ஆம் ஆண்டு பதினோராம் திங்களில் குவாங்சௌவில் ஒரு பாரசீகக் கப்பலில் ஏறினார். இருபது நாளுக்குள் ஸ்ரீவிஜயத்தை அடைந்தார். அது சுமத்திராவில் மூசி ஆற்றங்கரையிலுள்ள இன்றைய பலெம்பாங் என்பது பெரும்பாலோர் கருத்து. அங்கே ஆறு திங்கள் தங்கி வடமொழி இலக்கணம் கற்றார். பின் மன்னனின் உதவியோடு மலாயு என்னும் நாட்டுக்குச் சென்று இரண்டு திங்கள் தங்கினார். அது இன்றைய ஜம்பிப் பகுதி. அங்கிருந்து கடாரம் வந்து, அடுத்த பன்னிரண்டாம் திங்களில் மன்னனின் கப்பலிலேயே இந்தியா நோக்கிச் சென்றார். 673-இன் தொடக்கத்தில் தாமிரலிப்தியில் இறங்கினார்.

சீனத்தை விட்ட பின் கடாரத்திலிருந்து புறப்பட ஓராண்டுக்கு மேலாயிற்று. ஆனால் ஓட்டம் எத்தனை நாள்? ஊசிங் என்னும் வேறொரு துறவியின் பயணத்தை இத்சிங்கே குறித்துவைத்திருக்கிறார். சீனத்திலிருந்து ஸ்ரீவிஜயத்துக்கு ஒரு திங்கள். அங்கிருந்து மலாயுவுக்குப் பதினைந்து நாள். கடாரத்துக்கு மேலும் பதினைந்து நாள். கடாரத்திலிருந்து நாகப்பட்டினத்துக்கு முப்பது நாள். நாகையிலிருந்து இலங்கைக்கு இரண்டு நாள். எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ மூன்று திங்கள். எஞ்சிய நாளெல்லாம் தங்கலே. நம் நாகப்பட்டினம் ஏழாம் நூற்றாண்டிலேயே கடாரத்தோடு நேரே இணைக்கப்பட்ட துறை என்பதற்கு இக்குறிப்பு அரிய சான்றாகும்.

மீண்டு வருவோர்க்கும் இத்சிங் ஒரு கால அட்டவணையே தருகிறார். தாமிரலிப்தியிலிருந்து கடாரம் வர இரண்டு திங்கள். அங்கே குளிர்காலம் வரும்வரை தங்க வேண்டும். பிறகு ஒரு திங்கள் ஓட்டத்தில் ஸ்ரீவிஜயம். அங்கே கோடையின் நடுப்பகுதி வரை தங்க வேண்டும். பிறகு வடக்கே ஒரு திங்கள் ஓட்டத்தில் குவாங்சௌ. ஓட்டம் நான்கு திங்கள். காத்திருப்போ ஓராண்டை ஒட்டியது! வகுப்பில் மாணவரைக் கொண்டே இக்கணக்கைப் போட்டுப் பார்க்கச் செய்யலாம்.

இவ்வாறு ஆண்டுதோறும் பயணிகள் தங்கிய துறை என்னவாகும்? ஸ்ரீவிஜயத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட துறவியர் இருந்து கற்றனர் என்றும், அவர்கள் கைக்கொண்ட நெறிகள் இந்தியாவில் உள்ளவற்றுக்கு ஒத்தவை என்றும் இத்சிங் எழுதுகிறார். இந்தியா செல்ல விரும்பும் சீனத் துறவியர் முதலில் இங்கே ஓரிரண்டு ஆண்டு தங்கிப் பயின்ற பிறகே செல்வது நல்லது என்றும் அறிவுரை கூறுகிறார். வழியில் நின்ற துறை படிக்கும் இடமாகவே ஆகிவிட்டது. காற்றால் கட்டுண்டவர்கள் அங்கே மொழி கற்றனர். வடமொழி மட்டுமன்று, ‘குன்லுன்’ மொழி எனச் சீனர் குறித்த இத்தீவுகளின் மொழியையும் சிலர் கற்றுக்கொண்டனர்.

தங்கியிருப்பவனே கூர்ந்து பார்க்க முடியும். ஸ்ரீவிஜயத்தில் ஆண்டுக்கு இருமுறை, வசந்தத்தின் நடுவிலும் எட்டாம் திங்களின் நடுவிலும், நண்பகலில் நிற்கும் மனிதனுக்கு நிழலே விழாது என்று இத்சிங் குறித்திருக்கிறார். கதிரவன் நேர் உச்சியில் வருவதே காரணம். ஒரு வாரம் வந்துபோகும் பயணி இதனைக் கண்டிருக்க இயலாது.

நாளந்தாவில் பத்தாண்டு கற்ற பின், 685-இல் புறப்பட்டு அவர் மீண்டும் ஸ்ரீவிஜயம் வந்தார். ஐந்து இலட்சம் சுலோகத்துக்கு மேற்பட்ட ஏடுகள் அவரிடம் இருந்தன. அவற்றை மொழிபெயர்க்கத் தாளும் மையும் அங்கே கிடைக்கவில்லை, எழுத்தரும் இல்லை. ஆதலின் 689-இல் ஒரு கடிதம் எழுதிக் குவாங்சௌவுக்கு அனுப்பத் துறைக்குச் சென்று, நின்ற கப்பலில் ஏறினார். அந்நேரம் நல்ல காற்று எழுந்தது. மாலுமிகள் பாயை உயர்த்திவிட்டனர். இறங்க வழியில்லை. கடிதம் கொடுக்கப் போனவர் தாமே கடிதமாகச் சீனத்துக்குப் போய்ச் சேர்ந்தார்! ஏடுகளோ ஸ்ரீவிஜயத்தில். ஏழாம் திங்கள் இருபதாம் நாள் குவாங்சௌவில் இறங்கியவர், எழுத்துப் பணிக்கு நால்வரைச் சேர்த்துக்கொண்டு, காற்று மாறிய பதினோராம் திங்கள் முதல் நாளே திரும்பக் கப்பலேறினார். அவர் எழுதிய இரு பெரு நூல்களும், தென்கடல் நாடுகளின் பௌத்த நெறி பற்றியதும், ஐம்பதுக்கு மேற்பட்ட துறவியரின் வரலாற்றைக் கூறுவதும், ஸ்ரீவிஜயத்திலிருந்தே 692-இல் சீனத்துக்கு அனுப்பப்பட்டன. 695-இல் அவர் லோயாங் நகருக்கு மீண்டார்.

துறைக்குரியவர்கள் தம் நாட்டில் தங்குவோரை எவ்வாறு நோக்கினர்? பலெம்பாங் அருகே தாலாங் தூவோ என்னும் இடத்தில் 684-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. பழைய மலாய் மொழியில், பல்லவ எழுத்தில் அமைந்தது. ஸ்ரீ ஜயநாசன் என்னும் மன்னன் ஒரு தோட்டம் அமைத்துத் தென்னை, கமுகு, சவ்வரிசி மரம், மூங்கில் முதலியவற்றை நட்டதையும், குளங்களையும் அது கூறுகிறது. தங்கும் இடத்திலோ வழியிலோ பசித்தவர்க்கு உணவும் பருகும் நீரும் கிடைக்கட்டும் என்பது அவன் வேண்டுதல்களில் ஒன்று. பசித்த வழிப்போக்கனை நினைத்த இந்த மன்னன் வாழ்ந்த காலமே இத்சிங்கின் காலம்.

மார்க்கோ போலோவின் அகழி

மூன்றாமவர் மார்க்கோ போலோ. குப்லாய் கானின் ஆணைப்படி ஓர் இளவரசியைப் பாரசீகத்துக்கு அழைத்துச் செல்லும் பதினான்கு கப்பல்களோடு 1291–92 அளவில் சீனத்தை விட்டவர். சுமத்திராவின் வடபகுதியில், அவர் ‘சமரா’ என்று கூறும் நாட்டில், காற்று இடங்கொடாமையால் ஐந்து திங்கள் தங்க நேர்ந்தது. பாஹியானுக்கு வாய்த்த அதே ஐந்து திங்கள்!

அவருடன் ஏறத்தாழ ஈராயிரம் பேர் இருந்தனர். உள்நாட்டு மக்கள் மனிதரை உண்பவர் என்று அஞ்சி, பாளையத்தைச் சுற்றித் தரைப்பக்கம் பெரிய அகழி வெட்டினர். அதன் இரு முனைகளும் துறையைத் தொட்டன. மரத்தால் காவற்கோட்டைகள் கட்டிக்கொண்டு உள்ளே இருந்தனர். நாளடைவில் அச்சம் தணிந்தது. ஊர் மக்கள் உணவுப் பொருள்களைக் கொணர்ந்து விற்றனர். அங்குக் கிடைத்த மீனை மார்க்கோ போலோ மிகப் புகழ்கிறார். கோதுமையின்றி அரிசியே உணவு என்பதையும், பாளையைச் சீவிக் கலயம் கட்டிக் கள் இறக்குவதையும் விவரிக்கிறார். வடமீன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று வியக்கிறார். சவ்வரிசி மாவை வெனிசுக்குக் கொண்டுசென்றதையும், சாயமரத்தின் விதையை அங்கே விதைத்தும் குளிரால் முளைக்காமற் போனதையும் சொல்கிறார்.

எனினும் அகழிக்கு அப்பால் நிகழ்ந்த பெருமாறுதலை அவர் முழுதும் காணவில்லை. அண்டை நகரான பெர்லாக்கில் வணிகர் தொடர்பால் மக்கள் இசுலாத்தைத் தழுவியிருந்தனர் என்று எழுதுகிறார். சமரா மக்களை அவ்வாறு கூறவில்லை. ஆனால் சமுத்திரா–பாசாய் என்னும் அதே நாட்டில், சுல்தான் மாலிக் அல்-சாலே என்பாரின் கல்லறை 1297 என்ற ஆண்டைத் தாங்கி நிற்கிறது. மார்க்கோ போலோ சென்று ஐந்தாறு ஆண்டுக்குள்! 1345-ஐ ஒட்டி அங்கே வந்த இபன் பத்தூத்தா, மார்க்கத்துச் சட்ட அறிஞரோடு உரையாடுவதில் விருப்பமுடைய சுல்தானைக் கண்டார். பதினைந்து நாள் தங்கியபின், சீனம் செல்லும் பருவம் வந்துவிட்டது என்று கூறி விடைபெற்றார். அந்தச் சமயத்தை அங்கே கொணர்ந்தது படையன்று. ஆண்டுதோறும் காற்றுக்காகத் தங்கி, கொண்டு கொடுத்து, உறவும் பூண்ட வணிகரே என்பது வரலாற்றாசிரியர் பலர் கருத்து.

நம்மவர் தங்கிய சுவடு

இக்காத்திருப்பில் தமிழர்க்கும் பங்குண்டு. பயணநூல் எழுதும் வழக்கம் நம் வணிகரிடம் இல்லை. ஆயினும் கல்லில் சில செய்திகள் உள்ளன. தீபகற்பத்தின் மேற்குக் கரையில், இன்றைய தாய்லாந்துக்கு உட்பட்ட தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனி நாரணம் என்னும் குளம் வெட்டப்பட்டதையும், அது மணிக்கிராமத்தார் முதலியோரின் காவலில் விடப்பட்டதையும் கூறுகிறது. ஒரு நாள் தங்குபவன் குளம் வெட்டுவானா? பல திங்கள் குடிக்க நீர் வேண்டியவனும், அடுத்த ஆண்டும் தன்னவர் வருவர் என்று அறிந்தவனுமே வெட்டுவான்.

சுமத்திராவின் மேற்குக் கரையில் கற்பூரத்துக்குப் பெயர்பெற்ற பாரூசில், லோபு துவா என்னும் இடத்தில் 1873-இல் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சக ஆண்டு 1010, மாசித் திங்களைக் குறிக்கிறது. அஃதாவது கி.பி. 1088. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அங்கே கூடி, வரும் மரக்கலங்களின் நாயனும் கப்பலோரும் கத்தூரியின் விலைப்படி பொன்னாக வரி செலுத்திய பின்னரே கரையில் விரித்த பாவாடைமேல் அடிவைக்க வேண்டும் என்று முடிவு செய்தனர். அயல் நாட்டுக் கரையில் அவை கூட்டி வரி விதிக்கும் அளவுக்கு அவர்கள் அங்கே நிலைத்திருந்தனர்.

விருந்து ஒருபக்கமாக நில்லவில்லை. ஸ்ரீவிஜய மன்னன் ஸ்ரீமாரவிஜயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கியதை லெய்டன் செப்பேடுகள் கூறும். அக்கரையார்க்கும் இக்கரையில் தங்குமிடம் இருந்தது.

கற்பிக்க வேண்டியது

கடாரத்தின்மீது இராசேந்திரன் 1025-இல் நடத்திய படையெடுப்பை நாம் தவறாமல் கற்பிக்கிறோம்; பெருமையோடும் கற்பிக்கிறோம். அது நடந்த நிகழ்ச்சியே, மறைக்க வேண்டியதன்று. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் பல நூற்றாண்டு, ஆண்டுதோறும், படையின்றி வந்து தங்கிய மக்களின் வரலாற்றை எத்தனை நிமிடம் சொல்கிறோம்? வெற்றியை மட்டும் கேட்டு வளரும் மாணவன், இந்நாட்டு மக்களோடு தன் முன்னோர்க்கு இருந்த உறவு வாளால் ஆனது என்றே எண்ணுவான். குளத்தையும் தோட்டத்தையும் அவையையும் கற்கும் மாணவன், விருந்தினராக வந்து, அண்டை வீட்டாராகி, மொழி கற்று வாழ்ந்தவர்களின் வழியில் தானும் வந்தவன் என்று அறிவான். இவ்விரண்டு அறிவும் வேறு வேறு குடிமக்களை உருவாக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல் வந்தபின் காற்றுக்குக் காத்திருக்கும் தேவை படிப்படியாக ஒழிந்தது. நம்மில் பெரும்பாலோரின் பாட்டனார்கள் அத்தகைய கப்பல்களில் சில நாளில் வந்து சேர்ந்தவர்கள். அதனாலேயே பழைய கடலின் இந்த இயல்பு நம் நினைவிலிருந்து நீங்கிற்று.

ஆசிரியப் பெருமக்கள் இதனைக் கற்பிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. இத்சிங் கண்ட நிழலில்லா நண்பகல் நம் தீபகற்பத்திலும் உண்டு. அவ்வவ்வூரின் இருப்பிடத்துக்கேற்ப மார்ச்சு இறுதி முதல் ஏப்பிரல் தொடக்கம் வரையில் ஒருமுறையும், செப்டம்பரில் மறுமுறையும் கதிரவன் நேர் உச்சிக்கு வரும். பள்ளித் திடலில் ஒரு கோலை நட்டு, சில நாள் தொடர்ந்து மாணவரை நிழலை அளக்கச் செய்யலாம். நிழல் குறுகிக் கோலின் அடியில் ஒடுங்குவதை அவர்களே காணட்டும். பிறகு இத்சிங்கின் கதையைச் சொல்லுங்கள். வரைபடத்தில் உள்ள கோட்டின் நடுவே, சுமத்திரா அருகில் ஒரு புள்ளி வைத்து, ‘இங்கே தங்கினர்’ என்று எழுதச் சொல்லுங்கள்.